சிவப்புக் கோட்டைத் தாண்டிய பாவு

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பதினேழு வீடு. பதினேழிலும் தறி. எழுபத்திரண்டாம் வருஷம் ரோட்டை அகலப்படுத்தப் போவதாக ஓர் ஆள் வந்து, ஒவ்வொரு கூடத்திலும் வாசலிலிருந்து பத்தடி உள்ளே தள்ளிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். அதுவரைக்கும் இடிப்பார்களாம்.

பழைய தெரு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் கை வைக்க மாட்டார்களாம். அதைப் பார்த்து எழுத மதராசிலிருந்து கோதண்டபாணி என்ற அதிகாரி வருகிறார் என்றதும், "பெரிய மனுசரு வர்றாரு, வூடு பளிச்சுனு இருக்கணும்மா!" என்று தெருவையே விரட்டியவள் நான்தான். இந்தக் காந்தா சொன்னால் மறுபேச்சு ஏது? பதினேழு வீட்டுத் தேக்குத் தூண்களும் பச்சை பெயிண்டில் மினுங்கின.

வந்தவர் முகம் சுருங்கியது.

"எல்லாம் புதுசா இருக்குதே. இதுல காப்பாத்த என்னம்மா இருக்குது?" என்று நோட்டில் எதையோ எழுதினார்.

என் வீட்டுக்காரர் அர்ஜுனன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடிப்பாவி, தெருவையே கெடுத்தாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதற்குள் அதிகாரி ஜீப்பில் கால் வைத்துவிட்டார்.

"இறங்குங்க சார்! தூணுக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன். வூட்டு நீளத்துக்கு அடிக்க முடியுமா?"

தறியில் ஏற்றுவதற்காகப் பாவு சுருட்டி வைத்திருந்தது. மூன்று புடவைக்கான நீளவாட்டுப் பட்டுநூல். ஒரு முனையை அர்ஜுனன் கொல்லைக் கதவருகே பிடித்துக்கொண்டார். மறுமுனையை அதிகாரி கையிலேயே கொடுத்து, "இழுக்காம நடங்க சார்" என்றேன். நாலு கதவும் ஒரே நேர்க்கோடு. அவர் வாசற்படியில் போய் நின்றபோது பாவு விறைத்து நின்றது. ஓர் அங்குலம் மிச்சமில்லை.

"எங்க வூட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் பாவை அளந்துதான் சார் வூட்டைக் கட்டினாரு. பத்தடி இடிச்சா மூணாவது புடவைக்கு எடம் ஏது?"

அவர் குனிந்து, பாவுக்கு அடியில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். நோட்டில் எழுதியதை அடித்தார். பிறகு மற்ற பதினாறு வீட்டுக்கும் அதே பாவைத் தூக்கிக்கொண்டு எங்களோடு நடந்தார். எல்லா வீட்டிலும் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாதுகாக்கப்பட்ட தெரு என்று பலகை மாட்டிய அன்று, நான் நெய்த பட்டை முதல்முறையாக நானே கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த மூன்றாவது புடவையை.