பேசாத கணக்குப் பாடம்

கணக்கு டீச்சருக்கு வெண்கலக் குரல். ஏழாம் வகுப்பில் அவர் வாய்ப்பாடு சொன்னால் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியைக்கும் மனப்பாடமாகிவிடும். பிள்ளைகளுக்கு அவர் அனுப்பும் பாட வீடியோக்களிலும் குரல்தான் எல்லாம். கரும்பலகை சும்மா துணைக்கு நிற்கும்.

அந்தக் குரலுக்குத்தான் கண் பட்டது. தொண்டையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. "நான் சொல்ற வரைக்கும் முணுமுணுக்கக்கூடக் கூடாது" என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பின்னப் பாடம் பாதியில் நின்றது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். "நீங்க எழுதிக் கொடுங்க டீச்சர், வேற யாரையாவது பேச வெச்சுடலாம்."

டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். கைபேசியில் தட்டிக் காட்டினார்: 'ஒரு வாரம் கொடுங்க. பேச்சே இல்லாம செய்யறேன்.'

சொல்லிவிட்டாரே தவிர, எப்படிச் செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. படம் அசைய வைக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டார். திறந்தால் திரை நிறையப் பொத்தான்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி விழித்தார். மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது: ஒரு பொருள் முதலில் எங்கே, கடைசியில் எங்கே என்று குறித்துவிட்டால் போதும், நடுவில் உள்ள நகர்வை மென்பொருளே வரைந்துகொள்ளும்.

முதலில் செய்த வட்டத்துண்டு பறந்துபோய்த் திரைக்கு வெளியே விழுந்தது. பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது ஏன் இந்த ஓட்டம் ஓடுது? பின்னாடி யாராவது துரத்துறாங்களா?"

டீச்சர் முறைத்தார். ஆனால் யோசித்தார். குரலில் பாடம் நடத்தும்போது எங்கே மூச்சு விடுவோம், எங்கே பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்போம்? அங்கெல்லாம் படத்தையும் நிறுத்தினார். ஒவ்வொரு துண்டும் நிதானமாகக் கிளம்பி நிதானமாக வந்து நின்றது.

அப்புறம் ஒரு குறும்பு செய்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதி வகுப்பு மேலே மேலே, கீழே கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும். அந்தத் தப்பையே முதலில் படமாக்கினார். அரை வட்டத்தோடு மூன்றில் ஒரு துண்டு வந்து சேர, இரண்டும் சேர்ந்து அரையைவிடச் சின்னதாகச் சுருங்கும்.

வகுப்பில் திரையிட்ட அன்று டீச்சர் பின் சுவரோடு சாய்ந்து நின்றார். சத்தமே இல்லாமல் படம் ஓடியது. துண்டு சேர்ந்தது, சுருங்கியது.

"ஐயோ, கூட்டினா எப்படிக் குறையும்?" முன் வரிசைப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நீதானே நேத்து அப்படிப் போட்டே!"

"நீ மட்டும் என்னவாம்?"

வகுப்பே சிரித்தது. திரையில் இரண்டு துண்டுகளும் பழையபடி பிரிந்தன. அரை வட்டத்தின் மேல் ஒரு கோடு வந்து தயங்கி நின்றது. யாரும் கேள்வி கேட்கவில்லை, ஆனால் வகுப்பே கத்தியது. "அரையை மூணா வெட்டு! இன்னொரு துண்டை ரெண்டா வெட்டு! எல்லாம் ஒரே அளவா வரட்டும்!" கோடுகள் அவர்கள் சொன்னபடியே விழுந்தன. ஒரே அளவில் ஐந்து துண்டுகள், ஒன்றுக்கு மட்டும் இடம் காலி. "ஆறுல அஞ்சு!" என்ற கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தன் குரலில் இத்தனை வருஷம் நடத்திய பாடம், இன்று பிள்ளைகளின் குரலில் நடந்துகொண்டிருந்தது. டீச்சருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். வகுப்பு கலைந்ததும் கேட்டார், "தொண்டை சரியானதும் இதுக்கு மேல உங்க குரலைச் சேர்த்துடலாமா?"

'வேண்டாம்' என்று தட்டினார் டீச்சர். 'பேசறதுக்குத்தான் இவங்க இருக்காங்களே.'

அன்று மாலை கணவர் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டுத் தன் கைபேசியை நீட்டினார். "நம்ம வீட்டம்மா செஞ்சது. ஒரு வார்த்தை பேசலை, பாருங்க!"