வெண்டெல் ப்ரூயிட் அறை

"இன்னைக்கு முடிவு தெரியாம வீட்டுப் படி ஏறாதே," என்று கணவரின் டை முடிச்சை இறுக்கினாள் ஒர்னெட்டா. கழுத்தையே நெரித்துவிடுவாளோ என்று வெண்டெலுக்குப் பயம் வந்தது.

"கேட்டாச்சும்மா. கிரெய்க் தலையாட்டினான்."

"முப்பது வருஷமா ஆட்டுறான். அவனுக்கென்ன, கழுத்தா வலிக்குது?"

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ள பெரிய விளையாட்டுக் காலணி கம்பெனியில் வடிவமைப்பாளராக நுழைந்த முதல் கறுப்பர் வெண்டெல். இன்று ஓய்வு பெறுகிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: காலியாகும் தன் இடத்தை ரெனீட்டாவுக்குத் தர வேண்டும். தேவாலயத்தில் அவர் நடத்தும் இலவச வகுப்பில் காலணி வரையக் கற்று, அவரையே மிஞ்சியவள் அவள்.

கம்பெனிக்குக் கறுப்பர்கள்மேல் கொள்ளைப் பிரியம்தான். புது மாதிரிக் காலணி தயாரானதும் காரில் ஏற்றிக்கொண்டு கறுப்பர் தெருக்களின் கூடைப்பந்து மைதானங்களுக்குப் போவார்கள். பையன்களின் காலடியில் குந்தி, "எப்படி இருக்கு தம்பி?" என்று கெஞ்சுவார்கள். பையன்கள் மூக்கைச் சுளித்தால் அந்தக் காலணி குப்பைக்குத்தான். கால்களுக்கு அவ்வளவு மரியாதை. அவர்களுடைய கைகளுக்கு என்ன தெரியும் என்று மட்டும் எவரும் கேட்டதில்லை.

விழாவில் மேலாளர் கிரெய்க் கண் கலங்கினார். "இனிமே நம்ம பெரிய கூட்ட அறைக்கு வெண்டெல் ப்ரூயிட் அறைன்னு பேரு," என்று கதவின் திரையை விலக்கினார். பித்தளை எழுத்துகள் பளபளத்தன.

"ரெனீட்டா விஷயம்?" என்றார் வெண்டெல்.

"அருமையான பொண்ணு. ஆனா நம்ம ஆளுங்களோட ஒத்துப்போகணுமே. என் அக்கா பையன் டைலரை எடுத்திருக்கோம். கறுப்பர் இசைன்னா அவனுக்கு உயிரு."

வெண்டெல் கேக்கைத் தொடாமல் வீடு திரும்பினார். நடந்ததைக் கேட்ட ஒர்னெட்டா சோள ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"உனக்குக் கதவு, அவனுக்கு நாற்காலி. நல்லா பங்கு போட்டிருக்கான். சரி, உன் பேர் போட்ட அறைக்குள்ள நீ போகக் கூடாதுன்னு சொன்னானா?"

வெண்டெல் மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய கம்பெனி அடையாள அட்டை மாதக் கடைசிவரை செல்லும்.

திங்கட்கிழமை கிரெய்க் டைலரோடு கூட்டத்துக்கு வந்தபோது, நீள மேஜை முழுக்க வெண்டெலின் மாணவர்கள் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். தலைமை நாற்காலியில் ரெனீட்டா.

"என்ன வெண்டெல் இது? எங்களுக்குக் கூட்டம் இருக்கு."

"எனக்கு வகுப்பு இருக்கு. கதவுல பேரைப் பாத்துட்டுத்தான் வந்தோம்." வெண்டெல் டைலரின் பக்கம் திரும்பினார். "வா தம்பி, கடைசியில இடம் இருக்கு. முதல்ல ஒரு பாதம் வரைஞ்சு காட்டு."

டைலர் தன் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.