மேலிருந்து இறங்கிய எண்ணெய்

டிப்பருக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவரே மரியஜோசப்தான். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே என்று மலர்விழி பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். நினைத்த கையோடு, அப்படி நினைத்ததற்காகக் கூசியும் போயிருக்கிறாள்.

வண்டி அவள் பேரில் இருந்தது. நெய்வேலிப் பக்கம் வடக்குத்து கிராமத்தில் அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வந்த பணத்தோடு கடனையும் சேர்த்து வாங்கியது. புருஷன் தனகோடி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். ஷிப்டுக்கும் தூக்கத்துக்குமே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது. மண் அடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசுவது, டீசல் போடுவது, சர்வீஸ் பார்ப்பது எல்லாம் மலர்விழிதான். ஓட்டியவர் குள்ளஞ்சாவடி மரியஜோசப். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அவளைவிட நன்றாக மூத்தவர். அவள் அண்ணே என்பாள். அவர் அம்மா என்பார்.

"எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெ கசிஞ்சிக்கினு இருக்குதும்மா. வாரண்டி இருக்கசொல்லவே காட்டிடலாம்" என்றார்.

இருவருமாக வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். விரலால் தடவி, "கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு" என்றான். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. அத்தோடு விட்டிருந்தால் நல்லது. ஆயில் அளக்கும் குச்சியையும் உருவிப் பார்த்தான். எண்ணெய் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது.

சர்வீஸ் மேனேஜர் ராஜேந்திரன் அவர்களைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மரியஜோசப் உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றுகொண்டார்.

"ஆயிலை அளவுக்கு மேல ஊத்தியிருக்காங்க மேடம். பிரஷர் தாங்காம சீல் பிச்சுக்கிச்சு. இது வாரண்டில வராது."

"கொறஞ்சிருந்துச்சு, கொஞ்சமா ஊத்தினேன் சார். அதுவும் கசிய ஆரம்பிச்ச அப்பறந்தான்" என்றார் மரியஜோசப்.

ராஜேந்திரன் அவரைப் பார்க்கவே இல்லை. மலர்விழியிடம் மட்டும் பேசினார். கோபமில்லாத, ஆதரவான குரல். "ரெண்டு வழி இருக்கு. இல்லன்னு சண்டை போட்டீங்கன்னா நான் சாம்பிள் எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பணும். பதில் வர்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கும். டிரைவர் தெரியாம பண்ணிட்டார்னு நீங்க ஒத்துக்கிட்டா, நானே பேசி லேபர் சார்ஜ் இல்லாம முடிச்சுத் தர்றேன். நாளன்னைக்கு வண்டி ஓடும்."

வண்டி நின்றால் ஒப்பந்தக்காரர் அந்த இடத்தில் வேறு வண்டியை விட்டுவிடுவார். காத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். மலர்விழிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மரியஜோசப்பைத் தெரியும். அந்த மனிதர் அளவு தெரியாமல் ஊற்றுகிறவர் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிடத்திலும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"டிரைவர் தப்புதானே மேடம்?"

அவள் தலையாட்டினாள்.

"இனி இதே ஆள் ஓட்டினா அடுத்த கிளெய்முக்கு நான் பேச முடியாது, சொல்லிட்டேன்" என்றார் ராஜேந்திரன். வெளியே வந்ததும் மலர்விழி, "கொஞ்ச நாளு வூட்ல இருங்கண்ணே. நானே கூப்புடறேன்" என்றாள். மரியஜோசப் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே ஒரு போன் வந்தது. டவுன்ஷிப்பில் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்துகளுக்கு டிரைவர் வைக்கும் காண்ட்ராக்டர் பேசினார். "மரியஜோசப்னு ஒருத்தர் வேலை கேட்டு வந்திருக்காரு. உங்க வண்டிதான் ஓட்டினேன்னு சொல்றாரு. ஆள் எப்படிங்க?"

மலர்விழி அப்போது சர்வீஸ் சென்டரில், ராஜேந்திரனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ஆளு நல்ல மாதிரிதாங்க" என்றாள். ராஜேந்திரன் தலை நிமிர்ந்து பார்த்தார். லேபர் கணக்கை அவர் இன்னும் முடித்திருக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்தி, "எஞ்சின் விஷயத்துல ஒரு தப்பு ஆயிடுச்சு, அவ்ளோதான்" என்று சேர்த்தாள். அந்தப் பக்கம் "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார்கள்.

புது சீல் போட்டு வண்டி வந்தது. ஓட்ட வேறு ஆள் வைத்தாள். மாதம் திரும்புவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் எண்ணெய். இந்த முறை அளக்கும் குச்சியில் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. புது ஆள் ஆயில் டின்னைத் தொட்டதே கிடையாது.

சர்வீஸ் சென்டரில் ராஜேந்திரன் இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் அகிலா என்று ஒரு இன்ஜினியர் இருந்தாள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளாம். அவள் கண்ணாடி அறைக்குக் கூப்பிடவில்லை. வண்டி நின்ற இடத்துக்கே வந்தாள்.

"எண்ணெய் கீழதானேக்கா தெரியும். எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும்" என்று சொல்லி எஞ்சின் முழுவதையும் நீராவி அடித்துக் கழுவவைத்தாள். ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவரச் சொன்னாள். வந்ததும் ஷெட்டின் ஷட்டரை இறக்கி, ஊதா விளக்கு ஒன்றைப் போட்டு, எஞ்சின்மேல் மெதுவாக நகர்த்தினாள்.

மலர்விழியையும் ஏறி நின்று பார்க்கச் சொன்னாள். எஞ்சினின் உச்சியில், பின் மூலையில், மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் அந்தச் சாயம் பச்சைக் கோடாக ஒளிர்ந்தது. அங்கிருந்து முதுகு வழியாக மெல்லிய நூல்போல இறங்கி, கீழே கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் திரண்டு நின்றது.

"டேப்பட் கவர் பேக்கிங்க்கா, இந்த மூடிக்கு அடியில வைக்கிற பட்டை. மடங்கிப் போயிருக்கு. ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல இங்கதான் இதைத் திறந்திருக்காங்க. மூடும்போது சரியா உட்காரல."

"அப்ப சீலு?"

"கழட்டின சீலை நான் பாக்கல. ஆனா மேலேர்ந்து இப்படி எறங்கினா யாருக்கும் சீல் மாதிரிதான் தெரியும். தப்பு எங்க பக்கம்தான். இதை நாங்களே மாத்தித் தர்றோம்."

"எண்ணெ கூட ஊத்தினதால இல்லியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

மலர்விழி பிடித்துக்கொண்டு இறங்கினாள். அங்கேயே நின்று பேருந்து காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, "அந்த டிரைவர் மேல ஒரு தப்பும் இல்லிங்க, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள். அவருக்கு யாரென்று நினைவு வரவே சற்று நேரமானது. "ஆள் போட்டாச்சேம்மா. அடுத்த தடவ எடம் காலியானா பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் குள்ளஞ்சாவடிக்குப் போனாள். மரியஜோசப்பின் மனைவி சவரியம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. இப்போது அதைத்தான் ஓட்டுகிறாராம், கூப்பிடுகிற நாளில் மட்டும்.

மலர்விழி நடந்ததையெல்லாம் சொன்னாள்: சாயம், விளக்கு, மடங்கிய பேக்கிங். மரியஜோசப் குறுக்கிடாமல் கேட்டார்.

"இப்ப கசிவு நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சுண்ணே."

"நல்லது."

அவர் சவரியம்மாளை டீ போடச் சொன்னார். பிறகு கேட்டார்: "பஸ் காண்ட்ராக்டருகிட்ட அன்னிக்கு நீங்க சொன்னது தெரியும்மா. அவரே சொன்னாரு. அதுல எனக்குக் கோவம் இல்ல. மேனேஜரு படிச்சவரு, அவரு சொல்லசொல்ல நீங்க நம்பிட்டீங்க. யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்கன்னு இவகிட்டகூடச் சொல்லிக்கினு இருந்தேன். அப்படித்தானேம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவரே வழி விட்டிருந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை தலையாட்ட அவளால் முடியவில்லை.

"இல்லண்ணே. நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கன்னு அன்னிக்கே தெரியும். வண்டி நின்னுடுமேன்னு பயந்துட்டேன்."

மரியஜோசப் தரையைப் பார்த்தார்.

"நம்பிட்டீங்கன்னே நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "அது பரவால்லயா இருந்துச்சு."

டீ வந்தது. மூவரும் குடித்தார்கள். கிளம்பும்போது அவர் வழக்கம்போல் வாசல் வரை வந்தார். "ஜங்ஷன்ல பாத்துப் போங்கம்மா, பஸ்ஸுங்க வேகமா வருது" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் தனகோடி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "என்னா சொன்னாரு? மறுபடியும் நம்ம வண்டிக்கு வராராமா?"

"கேக்கல" என்றாள் மலர்விழி.

"அதுக்குத்தானே போன?"

"அதுக்குத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டு, அவன் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொடுக்க உள்ளே போனாள்.