அடிவயிற்று மடிப்பும் அக்கா போட்ட திருத்தங்களும்

1

“இதையெல்லாம் எழுதித் தொலைக்காதே” என்று அக்கா சொன்னாள். அந்த நிமிடம்தான் இந்தக் கதை பிறந்தது. ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி. அக்காவுக்கு லாரி எடைமேடையில் வேலை. சரக்கோடு வரும் லாரியை மேடையில் ஏற்றி, எடை பார்த்து, சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக் கணக்குப்படி மூன்று வருடத்தில் அறுபத்திரண்டு கிலோ குறைத்திருக்கிறாள். கொழுப்பு போய்விட்டது, தோல் போகவில்லை. அடிவயிற்றில் மடிந்து தொங்குகிறது. அதை வெட்டியெடுக்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பத்து மணிக்குப் போனில் கூப்பிடுவார்கள். வருகிறாளா இல்லையா என்று அப்போது சொல்லியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: “பழைய உடம்பு, கிளம்ப மனமில்லாத விருந்தாளியாக அவள் வயிற்றில்—”

இரண்டாம் தொடக்கம்: “கண்ணாடி முன் நின்று அவள் அழுதாள்.” (யாரையாவது அழவைக்க வேண்டுமென்றால் எழுதுகிறவனுக்கு உடனே ஒரு கண்ணாடி வேண்டும். எங்கள் பிழைப்பு அப்படி.)

காகிதத்தை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு. திரும்பி வந்தால் அது அக்கா கையில்.

“எழுதாதேன்னேன், எழுதிட்ட. ஒழுங்காவாச்சும் எழுதித் தொலையேன். நான் எப்படா கண்ணாடி முன்னால அழுதேன்?”

“சும்மா ஒரு இதுக்கு...”

“மடிப்புக்குள்ள வேர்த்து வேர்த்துப் புண்ணாகுது. மருந்து போட்டா ஆறுது, பத்து நாள்ல திரும்ப வருது. லாரிக்காரங்க முன்னால கை வைக்க முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு சீட்டு கிழிக்கிறேன். உனக்கு அது விருந்தாளியாம்!”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒருநாளாவது ‘வலிக்கிறதா’ என்று கேட்டதில்லை.

3

(இந்தப் பகுதிக்கு மட்டும் அக்காவின் அனுமதி உண்டு.)

அவள் தன் எடையைப் பார்த்துக்கொண்டதும் அந்த லாரி மேடையில்தான். அந்த மெஷின் இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். மாதக்கணக்கில் வாயைக் கட்டியும் நூற்று நாற்பதிலேயே நின்றது. ஒருநாள் திடீரென்று நூற்றிருபது. அக்கா மெஷின் பழுது என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, மேடையை மூடிவிட்டாள். ஆள் வந்து படிக்கல் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. லாரிகள் சாலை முனைவரை நின்றதுதான் மிச்சம்.

“எடுக்கப்போற தோல் மூணு கிலோ இருக்குமாம். என் மேடையில ஏத்தினா சைபர்தான் காட்டும்” என்றாள். சிரித்தோம்.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று அத்தானைப் பிடித்தேன். “அத்தான் மேசையைக் குத்திக் கத்தினார்: இருக்கிறபடியே இருந்து தொலை என்று—” அக்கா அதை அடித்துவிட்டாள்.

உண்மையில் நடந்தது வேறு. அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மருத்துவமனைத் தாளை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தழும்பு. தையல் விட்டுப்போகலாம். ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம்.

“ஆறு வாரம் நீ எதையும் தூக்கக் கூடாதாம். பரவால்ல, சமையல், துவைக்கிறது எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். “ஆனா நீ முழிக்கலைன்னா?”

சொல்லிவிட்டு, கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

இனி முடிவுகள். ஒன்று: அறுவை முடிந்து, தழும்பைத் தடவிப் புன்னகைக்கிறாள். இரண்டு: வேண்டாமென்று சொல்லி, தன் உடம்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள்.

“முதல் முடிவுல நான் பொழைச்சுக்கிட்டேன்னு உனக்கு யார் சொன்னா?” என்று கேட்டாள் அக்கா. “ரெண்டாவதுல புண்ணு எப்படி ஆறுச்சு?”

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“பயமா இருக்குடா. செஞ்சாலும் பயம், செய்யாட்டியும் பயம். அதை எழுதிக்கோ.”

எழுதிவிட்டேன்.

5

சனிக்கிழமை. பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. அக்கா அத்தானையும் என்னையும் பார்த்தாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் வெளிய போங்க.”

“அக்கா, கடைசி வரி மட்டும்...”

“என் வயிறுடா இது.”

கதவைச் சாத்திக்கொண்டாள். நடையில் கிடந்த பெஞ்சில் நானும் அத்தானும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. அத்தான் எழுந்துபோய்க் கதவில் காதை வைக்கப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒட்டுக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன் நான், இன்றைக்கு மனம் வரவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்களும் கதவுக்கு இந்தப் பக்கம்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அத்தான் மறுபடியும் சாவியைத் தேடுகிறார்.