மூத்தோர் மேசையில் எனக்கும் ஒரு கதிரை

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் கணவர் பற்றிக் ஒரு கடித உறையை மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலே தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நாற்பது வருடமாக இந்த மனிசனோடு குடும்பம் நடத்துகிறேன். தானாகத் தேத்தண்ணி போடுகிறார் என்றால் எங்கோ ஒரு பிழை விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

உறையில் "திரு, திருமதி பற்றிக், அன்புவழிபுரம்" என்று இருந்தது. உள்ளே, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு நடக்கும் மூத்தோர் விருந்துக்கு அழைப்பு. எழுபது வயது நிறைந்தவர்களைக் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு இருத்தி, கரோல் பாடி, சாப்பாடு பரிமாறுவது எங்கள் தேவாலயப் பங்கின் வழக்கம். அவருக்கு இந்த டிசம்பர் இருபத்தொன்றில் எழுபது. சரி. எனக்கு இன்னும் அறுபத்தாறுகூட நிறையவில்லை. தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவள் நான். ஆள் மாறி வந்த கடிதத்தை எனக்குத் தெரியாதா?

கோபம் வந்தது அழைப்பினால் அல்ல. அந்த விருந்துக்கு இருபத்திரண்டு வருடமாகக் கட்லட் செய்கிறவள் நான். சூரை மீன் அவித்து, முள் எடுத்து, மிளகு போட்டு, முந்நூறு உருண்டை. போன வருடம் ஒரு வயதான அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகு பாதர் இன்பாஸ் ஒரு சட்டம் போட்டார். மூத்தோர் மேசையில் பெயர் இருக்கிறவர்கள் குசினிப் பக்கம் வரக் கூடாது. அந்த உறை என்னை அடுப்படியிலிருந்து கலைத்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, கோயிலுக்குப் பங்குப் படிவம் நிரப்பிக் குடுத்தது ஆர்?"

"நான்தான். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்."

"என்ர பிறந்த திகதி என்னெண்டு எழுதினனீங்கள்?"

"எங்கட பிறந்த நாளைத்தான்."

இதை விளக்க வேண்டும். நாங்கள் கலியாணம் முடித்த வருடம் திருகோணமலையில் மாவும் இல்லை, சீனியும் இல்லை. அவருடைய பிறந்தநாள் இருபத்தோராம் திகதி, என்னுடையது இருபத்தொன்பது, நடுவில் நத்தார். மூன்றுக்குமாக ஒரே கேக் அடித்து இருபத்தோராம் திகதியே வெட்டினோம். தட்டுப்பாடு போன பிறகும் வழக்கம் போகவில்லை. மனிசன் அந்தப் பழக்கத்தில் படிவத்திலும் இருவருக்கும் ஒரே நாளை, ஒரே மாதத்தை, ஒரே வருடத்தை எழுதிவிட்டார். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகின் இயந்திரத்தைப் பிழையில்லாமல் ஓட்டியவர், ஒரு தாளை ஒழுங்காக நிரப்பமாட்டார்.

அடுத்த இரண்டு வாரமும் வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. அவர் காலையில் துறைமுகப் பக்கம் நடந்துபோய், எந்தக் கப்பல் வந்தது, எது சீனன்குடாவுக்கு எண்ணெய் கொண்டு வந்தது என்று பார்த்துவந்து செய்தி வாசிப்பார். பிறகு ஏணியில் ஏறி வாசலில் நட்சத்திரம் கட்டுவார். அது இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்று நான் கீழே நின்று சொல்வேன். பின்னேரம் கேக்குக்கு முந்திரிப் பருப்பும் சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியும் வெட்டுவோம். அவர் நாலு துண்டு வெட்டினால் ஒன்று வாய்க்குள் போகும். பிறகு கரோல் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போவோம்.

அங்கேதான் சுலக்ஷனா என்னைப் பிடித்தாள். இந்த வருடம் குசினிப் பொறுப்பு அவளிடம்.

"அன்ரி, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. கட்லட் நாங்கள் பாக்கிறம். நீங்கள் ராசாத்தி மாதிரி வந்து இருங்கோ."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. வேலை செய்தால் நான் இன்பமலர். மேசையில் இருந்தால் ஒரு கிழவி. அப்படித்தான் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்து என் அடையாள அட்டையை எடுத்தேன். நான் பிறந்த வருடம் ஐம்பத்தொன்பது, அட்டையின் இலக்கமே அதில்தான் தொடங்குகிறது. பாதரின் மேசையில் வைத்தால் வேறு பேச்சு வேண்டாம். அன்றைக்கே குசினிச் சாவி கைக்கு வரும். செருப்பை மாட்டும்போது பற்றிக் ஏணியில் இருந்து இறங்கி வந்தார்.

"மலர், நான் பிழையாத்தான் எழுதினனான். ஆனா அடுத்த நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் திருத்தேல்லை?"

கையிலிருந்த மின்கம்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். "எத்தினை கோயில் சாப்பாடு சாப்பிட்டிருப்பம்? ஒரு நாள் எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டனீரோ? நான் வேலையில நிண்ட காலம் போகட்டும். பென்சன் எடுத்து பத்து வருஷமாப் பாக்கிறன். நான் மண்டபத்தில, நீர் அடுப்படியில. நாளைக்கு என்ர எழுபது. தனிய அதில போய் இருக்க எனக்கு ஏலாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிசன். ஏசத்தான் நினைத்தேன். அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு நாளும் இல்லை. அழுகை வந்தது, செருப்பைக் கழற்றினேன். அட்டை மட்டும் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. மனம் மாறினால் தேவைப்படும்.

ஞாயிறு மண்டபத்தில் அவர் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். கலியாணத்தன்றுகூட அதைச் செய்யவில்லை. பிள்ளைகள் பாடினார்கள், நாங்களும் சேர்ந்து பாடினோம். அவர் சுருதி வேறு எங்கேயோ போனது. சுலக்ஷனா கட்லட் கொண்டு வந்து வைத்தபோது உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் சரி, மிளகு சரி.

"உம்மட கட்லட் மாதிரி வராது" என்றார் பற்றிக், நாலாவதை எடுத்துக்கொண்டே.

வந்திருந்தது. அதுதான் கொஞ்சம் வலித்தது. ஆனால் சோறு சூடாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் எழும்பிய பிறகு ஆறிய சோறு சாப்பிட்டவளுக்கு, சூடான சோறும் பக்கத்தில் அவர் தோளும் பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது பாதர் இன்பாஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்கு ஒரே நாளில எழுபது வயசு நிறையிற ஒரு சோடி எங்கட பங்கில இருக்கினம்!"

கேக் வந்தது. ஐசிங்கில் எங்கள் இருவரின் பெயரும், நடுவில் பெரிதாக எழுபதும். மண்டபமே கைதட்டியது. எனக்கு எதிரே இருந்த கிளாரா அக்கா கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மலர், நீ என்ர கடைசித் தங்கச்சியோடயல்லோ படிச்சனீ? அவளுக்கு இப்பத்தானே அறுபத்தாறு?"

மேசை முழுவதும் திரும்பியது. கைப்பை மடியில் இருந்தது, அட்டை அதற்குள் இருந்தது. பற்றிக் கத்தியைக் கேக்குக்கு மேலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "வகுப்பில நான்தான் எல்லாருக்கும் மூத்தவ."

"நாலு வயசோ?"

"படிப்பு ஏறேல்லை அக்கா."

மண்டபம் சிரித்தது. அவர் கையைப் பிடித்துக் கேக்கை வெட்டினேன். கோயில் மண்டபத்தில், பாதருக்கு முன்னால், முழுப் பொய். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நத்தாருக்கு முன் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதுதானே.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர்தான் பேச்சைத் தொடங்கினார். "வாற வருஷம் சூரையை வீட்டுக்கு வாங்குவம். சனிக்கிழமை நான் முள் எடுத்துத் தாறன், நீர் உருட்டும். குசினிக்குள்ள போகக் கூடாதெண்டுதானே சட்டம்?"

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயிற்றுக்கிழமை கதிரையில."

இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

"இன்னொண்டு" என்றார். "அலியாரின்ர பேக்கரியில இருபத்தொன்பதாம் திகதிக்கு ஒரு கேக் சொல்லிப்போட்டன். உமக்கு மட்டும். இனி ரெண்டு கேக்."

நாற்பது வருடத்தில் எனக்கென்று முதல் கேக். நான் நடையை நிறுத்தினேன்.

"அதில என்ன எழுதச் சொன்னனீங்கள்?"

"அறுபத்தாறு!" மனிசன் பெருமையோடு கத்தினார்.

"ஐயோ, மெல்லமாச் சொல்லுங்கோ" என்று அவர் வாயைப் பொத்தினேன். "பின்னால கிளாரா அக்கா வாறா."