தாது வருஷத்துக் கட்டுரை

சங்ககிரிக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் ரமேஷ்குமார் சரித்திர வாத்தியார். எம்.ஏ. முடித்தால்தான் முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு என்பதால் தபால் வழியில் சேர்ந்துவிட்டார். சேர்ந்தது அவர், படித்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அசைன்மென்ட் அத்தனையும் அவர் மனைவி கலைமணி எழுதினாள். வாத்தியார் கையெழுத்துப் போடுவார். நோகாமல் நொங்கு தின்பது என்பார்களே, அதேதான்.

கலைமணி பி.ஏ. சரித்திரத்தில் கல்லூரிக்கே முதலாக வந்தவள். மாப்பிள்ளை அரசாங்க வாத்தியார் என்றதும் வீட்டில் அவள் படிப்பை மூட்டை கட்டிவிட்டார்கள். இப்போது தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய கட்டுரை என்றதும் அவளுக்குப் பழைய வெறி வந்துவிட்டது. நூலகத்துக்கு நடையாய் நடந்தாள், எழுதியதை அடித்தாள், மறுபடி எழுதினாள். சோறு குழைந்ததென்று வாத்தியார் முணுமுணுத்தார்.

தபாலில் படிப்பவர்களுக்குச் சேலத்தில் தொடர்பு வகுப்பு. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கட்டுரையப் பத்தி சார் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வாங்க. தேறும்னு சொன்னாருன்னா நானும் இந்த வருசமே எம்.ஏ. சேர்ந்துக்கறேனுங்க. வயசு போயிட்டே இருக்குதில்லீங்க?"

"கேக்கறேன், கேக்கறேன்."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பேராசிரியர் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரப்பா ரமேஷ்குமார்? எழுந்து நில்லுங்க. இத்தனை வருசத்துல இப்படியொரு கட்டுரை என் கைக்கு வந்ததில்ல" என்று சொல்லி, அதில் ஒரு பகுதியை வகுப்புக்கே வாசித்தார். கைதட்டல் எழுந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாத்தியார் நின்றார். ஏதாவது கேள்வி கேட்டுத் தொலைப்பாரோ என்ற பயத்தில், "தொண்டை சரியில்லீங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் வயிறு எரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து எழுதியவளுக்கா இத்தனை கைதட்டல்? அதோடு, இவளும் சேர்ந்துவிட்டால் அடுத்த வருஷத்து அசைன்மென்டை யார் எழுதுவது?

வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னங்க சொன்னாரு?"

"அதையெல்லாம் யாரு படிக்கறாங்க? பக்கத்த எண்ணி மார்க் போடறாங்க. பாஸ், அவ்வளவுதான்."

"அப்படீங்களா" என்றவள் சாம்பாரைச் சூடு பண்ண உள்ளே போனாள். அதற்கப்புறம் எம்.ஏ. என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. ஆனாலும் பாவி மகள், அவருடைய இரண்டாம் வருஷத்து அசைன்மென்டையும் குறை வைக்காமல் எழுதிக் கொடுத்தாள். செய்தித்தாளில் தபால் வழிப் படிப்பு விளம்பரம் வந்தால் வாத்தியார் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுவார். சொல்லியிருக்கலாமே என்று மனசு உறுத்தும். நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டே வருஷங்கள் ஓடிவிட்டன.

பதவி உயர்வும் வந்தது. விருந்துக்கு ஜீவானந்தத்தைக் கூப்பிட்டிருந்தார். அந்தச் சேலத்து வகுப்பில் அவரோடு படித்தவர். மனுஷன் இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அம்மிணி, உங்கூட்டுக்காரரு லேசுப்பட்ட ஆளில்லீங்க! அந்தப் பஞ்சத்துக் கட்டுரைய ப்ரொபசரு கிளாசுக்கே படிச்சுக் காட்டுனாருங்க. கைதட்டுன தட்டுல கட்டடமே ஆடிப்போச்சு!"

ரசக் கரண்டி அப்படியே நின்றது. "இன்னுங்கொஞ்சம் ஊத்திக்கங்க" என்று சமாளித்துப் பரிமாறினாள்.

ஜீவானந்தம் போனபிறகு வாத்தியார் அடுப்படிக்குப் போனார். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நான் பண்ணுனது பெரிய பாவம், கலை. இப்பவும் ஒண்ணுங் கெட்டுப் போகல. இந்த வருசமே சேத்தி உடறேன்."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளையின் ஆவல்தான் இருந்தது.

"எந்த எடத்தப் படிச்சுக் காட்டுனாருங்க?"

வாத்தியாருக்கு அன்றைக்குப் பயத்தில் காது அடைத்துப் போயிற்று. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை.