தாமதத்துக்குக் காரணம்

பெரிய டாக்டரின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று சோதனைக்கூடத்துக்காரர் வந்து சொன்னபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது. இதை மறைத்து நல்ல பிள்ளை வேஷம் போட எனக்கு வராது. நெஞ்சுநோய் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என் வாய்க்குப் பயந்து எல்லோரும் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய்.

"சிரிக்காதே மிளகாய்," என்றார் சோதனைக்கூடத்துக்காரர்.

"மாஸ்க் போட்டிருக்கேன். சிரிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு காட்டிக் குடுக்குதே."

பெரிய டாக்டர் என் அக்காவைக் கொன்றவர். காகிதத்தில் அப்படி இல்லை. காகிதத்தின்படி அக்கா சாவுக்கு அக்காவே பொறுப்பு. அந்தக் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

அக்காவுக்கு இருமல் வந்தது. பேர் போன நுரையீரல் டாக்டர் என்று இந்தப் பெரிய டாக்டரிடம்தான் போனாள். அவருடைய சொந்த மருத்துவமனை, மூன்றாவது மாடி, ஏசி அறை, திறக்கவே திறக்காத ஜன்னல். ஏழு மாதம் நடையாய் நடந்தாள். முதலில் ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் நெஞ்சில் தொற்று என்று வீரியமான ஆன்டிபயாடிக் ஒன்றைப் பத்து நாளுக்கு எழுதினார். இருமல் அடங்கும், மறுபடி கிளம்பும். அதே மருந்தை மூன்று முறை எழுதினார். அந்த மருந்து காசநோய்க் கிருமியை அரைகுறையாகத்தான் கொல்லும். மிச்சமிருக்கும் பாதி அந்த மருந்தையே தாங்கப் பழகிக்கொள்ளும். மாத்திரை கொடுக்கும் எனக்குத் தெரிந்த இது அவருக்குத் தெரியாதா என்ன? சளிப் பரிசோதனைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. இருமலில் ரத்தம் வந்த அன்று அக்காவை நான்தான் எங்கள் நிலையத்துக்குத் தூக்கி வந்தேன். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காசநோயில் யார் இறந்தாலும் அந்த மாதக் கூட்டத்தில் அவருக்காக ஒரு தாள் நிரப்ப வேண்டும். எங்கள் நிலையத்தின் தலைவி டாக்டரம்மா, சோதனைக்கூடத்துக்காரர், எக்ஸ்ரே எடுப்பவர், தனியார் டாக்டர்கள் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். சுவரில் 'கைகோத்து விரட்டுவோம்' என்று துணியில் எழுதித் தொங்கும். கூட்டத்துக்குத் தலைமை பெரிய டாக்டர். குறிப்பு எழுதுவது நான். கையெழுத்து அழகாக இருந்ததால் வந்த வினை.

தாளின் கடைசி வரி, நோயைக் கண்டுபிடிக்க நாளானது ஏன் என்பதற்கு, 'தாமதத்துக்குக் காரணம்'. அக்காவின் தாள் வந்தபோது பெரிய டாக்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ரெண்டாவது மாசமே சளி டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். பேஷன்ட் எடுக்கல. எழுதிக்கோங்க சிஸ்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பேனாவை மேஜையில் குத்திவிட்டு நான் எழுந்திருந்திருக்க வேண்டும். நான் எழுதினேன். 'சொல்லியும் நோயாளி பரிசோதனை செய்துகொள்ளவில்லை.' ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அன்றைக்கு என் கையை ஏன் வெட்டிக்கொள்ளவில்லை என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன்.

தாளின் நகல் குடும்பத்துக்கும் போகும். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. அக்கா, மாமா, அவர்கள் மகள், நான். மாமா கெட்டவர் இல்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது அவருக்கு, தாள் ஆளைக் காட்டிவிட்டது. "டெஸ்ட் எடுன்னு அவ்வளவு பெரிய டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டிருக்கார், இவ காதுலயே போட்டுக்கல," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பதினாறு வயது மகள் அம்மாவின் போட்டோவை மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள்.

"என்னை நினைச்சிருந்தா எடுத்திருப்பாங்க சித்தி," என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த ஒரு வரியை அந்த ஆளின் வாயாலேயே மாற்ற வைக்க வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் சரி.

பதினாலு மாதம்தான் ஆனது. மாஸ்க்கும் தொப்பியுமாக எங்கள் நிலையத்தின் பின்வாசல் வழியே வந்தார் பெரிய டாக்டர், எட்டுக் கிலோ இளைத்து.

அவருடைய கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனை முடிவும் வந்தது. நான்கு மருந்துகளுக்கு அடங்காது. அவற்றில் ஒன்று, அவர் அக்காவுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்த அதே ஆன்டிபயாடிக். பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவின் கிருமிக்கும் அதே நான்கு.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று சோதனைக்கூடத்துக்காரரைக் கேட்டேன்.

"ஒரே மாதிரின்னு சொல்லலாம். ஒண்ணேதான்னு சொல்லணும்னா இன்னொரு சோதனை இருக்கு, அது இங்க கிடையாது. நீ ஆசைப்படறேன்னு நான் எழுத முடியாது." அவர் அப்படித்தான். கண்ணாடிக்கு அடியில் தெரிந்ததைத் தவிர எதையும் நம்ப மாட்டார்.

பரவாயில்லை, எனக்குப் போதும். மூன்றாவது மாடியில் தானே வளர்த்துவிட்ட கிருமியை அந்த மூடிய அறையில் தானே மூச்சிழுத்து வாங்கியிருக்கிறார்.

இந்த வகை நோய்க்குப் பதினெட்டு மாதம் மருந்து. தினமும் காலையில் நோயாளி வந்து நர்ஸின் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். இதுதான் விதி. பெரிய டாக்டர் முதல் நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சிஸ்டர், ஒரு மாச மாத்திரையை மொத்தமா குடுத்துடுங்க. நான் டாக்டர்தானே, ஒழுங்கா போட்டுக்குவேன்."

"யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு கூட்டத்துல எழுதச் சொன்னதே நீங்கதானே சார். குறிப்பு என்கிட்ட பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

அன்றைய மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கினார். மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு வெளி வராந்தா பெஞ்சில், மருந்துக்கு வந்த ஒரு சுமை தூக்குபவருக்கும் ஒரு தையற்காரிக்கும் நடுவில் உட்கார்ந்தார். முறை வரும்போது கவுன்டருக்கு வருவார். ஒன்பது மாத்திரை. ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன்.

"முழுங்குங்க. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம். சரி."

சுமை தூக்குபவரிடம் இவ்வளவு கறார் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரையோடு ஒரு படிவமும் உண்டு. யாரிடமிருந்து நோய் வந்திருக்கலாம், அவருடன் எவ்வளவு காலம் பழக்கம், அவருக்கு நோய் கண்டுபிடிக்கத் தாமதமானது ஏன் என்ற கேள்விகள். நோயாளி சொல்வதை நர்ஸ் எழுத வேண்டும், நோயாளி கையெழுத்துப் போட வேண்டும்.

"யார்கிட்டேருந்து வந்திருக்கும் சார்?"

"தெரியாது. ஆயிரம் பேரைப் பாக்கறேன்."

'தெரியாது' என்று எழுதித் தேதி போட்டேன். மறுநாள் நாக்கைத் தூக்கியதும் மறுபடி கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். நாற்பத்து மூன்று நாள் கேட்டேன், நாற்பத்து மூன்று 'தெரியாது'. அழகான கையெழுத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக.

டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். "மருந்து குடுக்கிற இடத்துல உன் கணக்கைத் தீர்க்காதே."

"மருந்துல ஒரு குறை வெச்சிருந்தா சொல்லுங்க டாக்டர்."

"குறை இல்ல. அதான் பயமா இருக்கு. இவ்வளவு அக்கறையா நீ யாருக்கும் மாத்திரை குடுத்து நான் பாத்ததில்ல."

நாற்பத்து நான்காம் நாள் ஒன்பதாவது மாத்திரையை விழுங்கியவர் பெஞ்சு வரை போய் வாந்தி எடுத்தார். ஒன்பதும் முழுசாக வெளியே கிடந்தன. விழுங்கிய சில நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி கொடுக்க வேண்டும். அவர் அந்தப் பெஞ்சிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தையற்காரி எழுந்து தண்ணீர் கொடுத்தாள்.

நான் இன்னொரு ஒன்பது மாத்திரையைக் கொண்டு போனேன்.

"இன்னிக்கு வேண்டாம் சிஸ்டர். போட்டாச்சுன்னு எழுதிக்கோங்க. உங்களுக்கும் திருப்திதானே?"

பொய்யாக ஒரு டிக் போட்டால் போதும். ஒரு நாள் இரண்டாகும், இரண்டு பத்தாகும், கிருமி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய சாவு இல்லை.

"முழுங்குங்க சார். நீங்க செத்துட்டா உங்களுக்கும் நான் ஒரு தாள் எழுதணும். கடைசி வரியில என்ன எழுதறது? சொல்லியும் பேஷன்ட் மாத்திரை போட்டுக்கலைன்னு எழுதட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தார். பிறகு மாத்திரைகளை வாங்கி ஒவ்வொன்றாக விழுங்கினார். நான் சொல்லாமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"படிவத்தை எடுங்க," என்றார். "உங்க அக்காகிட்டேருந்துதான். ஏழு மாசம். என் ரூம்ல வாரத்துக்கு ஒரு தடவை."

எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன். "தாமதத்துக்குக் காரணம்?"

"நான் சளி டெஸ்ட் எழுதல. எடுக்கச் சொன்னேன்னு கூட்டத்துல சொன்னது பொய். என்கிட்ட வர்றவங்க, காசநோய்னா வேற டாக்டரைப் பாக்கப் போயிடுவாங்க. அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குப் பிடிக்காது. எழுதிக்கோங்க."

எழுதினேன். இத்தனை நாள் இதற்காகத்தானே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்! எழுந்து கூத்தாட வேண்டும் போல இருந்தது. அவர் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார், போடாமல் நிறுத்தினார்.

"இன்னொண்ணும் இருக்கு. அவங்களே கேட்டாங்க. மூணாவது மாசம். 'சளியை டெஸ்ட் பண்ணணுமா டாக்டர், என் தங்கச்சி நெஞ்சுநோய் நிலையத்துலதான் இருக்கா'ன்னு. தேவையில்லன்னேன். தங்கச்சி என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். 'பெரிய டாக்டர் பாக்கறார்ல, நான் நடுவுல வரக் கூடாதுங்கறா'ன்னு சொன்னாங்க."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். படிவத்தில் கையெழுத்தைப் போட்டுத் தந்தார்.

நான் அப்படித்தான் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டு சொன்னேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருமினாள். கதவுக்குப் பின்னால் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையில் எப்போதும் பரிசோதனைக்குச் சளி பிடிக்கும் கப்பு பத்து இருக்கும், வீடு வீடாகப் போய்க் கொடுப்பதற்காக. தெருவில் முன்பின் தெரியாதவன் இரண்டு வாரம் இருமினால் அவன் கையில் கப்பைத் திணித்துவிட்டு வருபவள் நான். என் வீட்டில் ஏழு மாதம் இருமினாள். பேர் போன டாக்டரின் வைத்தியத்தில் ஒரு நர்ஸ் மூக்கை நுழைப்பதா என்று இருந்துவிட்டேன். அக்காவின் தாளை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு நான் எழுந்திருக்காததும் அதனால்தான். எழுந்திருந்தால் அடுத்த கேள்வி எனக்கு வந்திருக்கும்.

அந்த மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டரின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவர் கையெழுத்திட்ட படிவத்தை வைத்துத் திருத்திய அக்காவின் தாளை நான் நின்றுகொண்டு படித்தேன். "தாமதத்துக்குக் காரணம். ஒன்று, சிகிச்சை அளித்த மருத்துவர், நோயாளியே கேட்டும் சளிப் பரிசோதனை எழுதித் தரவில்லை. இரண்டு, வீட்டில் உடனிருந்த நர்ஸ், கையில் கப்பு இருந்தும் கொடுக்கவில்லை."

"ரெண்டாவது வரி தேவையா?" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"விதியில யாருக்கும் விலக்கு கிடையாது டாக்டர்."

நகலை வீட்டுக்குக் கொண்டு போனேன். மாமா படித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா மகள் இரண்டு முறை படித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து போட்டோவை எடுத்துத் துடைத்து மேஜையில் நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்த டாக்டருக்கு நாளைக்கும் நீதான் மாத்திரை குடுப்பியா?"

வாங்க போங்க என்று பேசும் பெண். அன்றைக்குத்தான் முதல் முறையாக நீ என்றாள்.

"நான்தான்."

"இன்னும் எத்தனை மாசம்?"

"பதினாறு."

"ஒரு நாள் விடாம குடு. அவர் செத்துடக் கூடாது." போட்டோவை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்தாள். "நீயும் செத்துடக் கூடாது. ரெண்டு பேரும் ரொம்ப நாள் உயிரோட இருங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கவுன்டரைத் திறந்தேன். ஒன்பது மாத்திரைகளை எடுத்து வைத்தேன். அவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். நான் பார்த்துவிட்டு டிக் போட்டேன்.